தட்டைக் கூரைக்கு என்ன போடலாம்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்தது இல்லை. மாத இதழ் ஒன்றின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்துக்கு, தட்டைக் கூரைக்கு என்ன போட்டால் ஒழுகாது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கூரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தலைக்கு மேலே இருக்கும் என்பதுதான். விவரம் சேகரிக்க, மலேசியாவின் ஜோகூரில் உள்ள பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். அங்கே ஒருவர் தன் வீட்டுக் கூரைமேல் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிய தண்ணீர் கைப்பிடிச் சுவரில் மோதி அவரிடமே திரும்பி வந்தது.

கட்டுரை அங்கேயே செத்தது. (இதழாசிரியர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

2

அவருக்குக் குணாளன் என்று பெயர் வைக்கிறேன். ஐம்பத்தேழு வயது. தினமும் எல்லை தாண்டிப் போய்வரும் சிங்கப்பூர்க் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர். அதைவிடப் பெரிய பதவி, அவர் குடியிருக்கும் தாமானின், அதாவது வீடமைப்புப் பகுதியின், குடியிருப்பாளர் சங்கத் தலைவர்.

இப்படித் தொடங்கினேன்: "வானம் அழுதது. குணாளனின் உள்ளமும்..."

நிறுத்திவிட்டேன். வானம் அழவில்லை. ஜோகூரில் மதியம் மூன்று மணிக்கு மழை பெய்யும், அவ்வளவுதான். கீழே இருப்பது தலைவர் வீடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது தொடக்கம். வீட்டின் பின்பக்கத்தில் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை இருந்தது. ஒழுகாத கூரை. குணாளன் அதைப் பிரித்துவிட்டு, ஓர் அறையை நீட்டிக் கட்டி, மேலே தட்டையாகக் காங்கிரீட் போட்டார். அறை மனைவி மலருக்காக. முட்டிவலிக்காரி, மாடியேற முடியாது. தட்டைக் கூரை தலைவருக்காக. சங்கக் கூட்டம், தீபாவளிக்கு ஊரையே வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு எல்லாம் அங்கே நடக்கும். 'பங்களா லுக்கு' என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்த்தவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

பங்களா ஆறே மாதத்தில் ஒழுகியது. அறையின் விதானத்தில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. மலருக்கு ஆஸ்துமா. இரண்டு முறை மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனாள். அறை காயாமல் அந்த வீட்டில் காலெடுத்து வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, குளுவாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆக, இந்தக் கதையில் கேள்வி ஒன்றுதான். அவள் திரும்பி வந்து, தன் வீட்டில் மூச்சுவிட முடியுமா?

3

பத்து பகாட் ஊரிலிருந்து, கூரை வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் வீரமுத்து வந்தார். மேலே ஏறி, தேங்கிய தண்ணீரைக் காலால் அளைந்தார்.

"சரிவே இல்லண்ணே. தண்ணி எங்கலா போவும்? உங்க கூட்டத்துக்கு வந்த ஆளுங்க மாதிரி, போகவும் முடியாம கேக்கவும் முடியாம உக்காந்துருக்கு."

"வழியச் சொல்லு."

"மூணு இருக்கு. பெயிண்டு மாதிரி பூசுறது, வெயில்ல வெடிச்சிரும். தாரு சுருள நெருப்புல உருக்கி ஒட்டுறது, பரவால்ல, ஆனா பத்தரமா வெச்சுக்கணும். நல்லது எதுன்னா, மேல சரிவா சட்டம் கட்டி தகரம் போட்டுருங்க. கதை முடிஞ்சிச்சு."

"தகரமா?"

குணாளனுக்குக் கூட்டத்தில் பேசும் குரல் வந்துவிட்டது. "நான் ஒரு விஷயத்தத் தெளிவா சொல்லிக்கிறேன். ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்துல, தகரத்துக்குக் கீழ பொறந்தவன் நான். மழை பேஞ்சா எங்கப்பா என்னா சொல்றாருன்னே கேக்காது. அதுலேர்ந்து வெளிய வர எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. மறுபடியும் என் தலைமேல தகரமா?"

"அட, அலமாக்! இப்ப வர்ற தகரம் வேறண்ணே. கலரு இருக்கு, அடியில பஞ்சு இருக்கு. சத்தமே வராது."

"தகரம் தகரந்தான்."

"அண்ணிக்கு மூச்சு வாங்குதுன்னுதான கூப்ட்டீங்க?"

குணாளன் தூரத்தில் எதையோ பார்த்தார். தூரத்தில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு ஓடுதான் இருந்தது.

(இந்த இடத்தில் லயத்துப் பிள்ளைகளின் மனக்காயம் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கருத்தரங்கில் வாசிக்கத் தோதான பக்கங்கள். வாசித்தால் கைதட்டுவார்கள். கைதட்டி முடிப்பதற்குள் மலருக்கு இன்னொரு இரவு போய்விடும். கிழித்துவிட்டேன்.)

தார்ச்சுருள் என்று முடிவானது.

4

ஒட்டி முடித்து வீரமுத்து இரண்டு விஷயம் சொன்னார். "ரெண்டு நாளு தண்ணி கட்டி வெச்சுப் பாருங்க, எங்கயாச்சும் கசிஞ்சா கூப்டுங்க. அப்பறம், ஒரு ஆணிகூட அடிக்காதீங்க."

தண்ணீர் கட்ட நேரமில்லை. மறுநாளே திறந்த இல்ல உபசரிப்பு. பெரிய மனிதர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். (வரவில்லை.) கூடாரம் போட வந்தவர்கள் புதுத் தாரைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"காலுக்கு மணல் மூட்ட வெச்சுக்கலாம் அங்கிள்."

"போன வருசம் மூட்ட வெச்சுத்தான பறந்துச்சு? பாக்கவும் அசிங்கம். போல்ட்டு போடுங்க."

கூடாரத்துக்கு ஆறு கால். காலுக்கு நான்கு போல்ட். இருபத்து நான்கு துளை.

இங்கே எழுதுகிறவன் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தடுத்தேன். நான்கு வரைவுகளில் மணல் மூட்டைதான் வைத்தேன். நான் தேநீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து அவர் துளை போட்டுவிட்டார்.

அறை காய்ந்துவிட்டது என்று கணவர் சொன்னதை நம்பி, அன்று மலரும் குளுவாங்கிலிருந்து வந்திருந்தாள். விருந்தாளிகள் மேலே, படியேற முடியாதவள் கீழே தன் அறையில். மூன்று மணிக்கு மழை வந்தது. தலைவர் கூடாரத்துக்குள் ஒலிவாங்கியைப் பிடித்து 'நம் சமுதாயத்தின் உயர்வு' பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். உயர்வு இருபத்து நான்கு துளை வழியாகக் கீழே இறங்கி, மெத்தையில் சொட்டியது. புதுச் சேலையை நனைத்தது. மலர் கூப்பிட்டாள். ஒலிவாங்கியைத் தாண்டி அந்தக் குரல் மேலே வரவில்லை. முறுக்கு எடுக்கக் கீழே போன பக்கத்து வீட்டுக்காரம்மாதான் பார்த்துக் கத்தினார்.

மூச்சுத் திணறி மலர் மருத்துவமனைக்குப் போனது இது மூன்றாவது முறை. "அடுத்த தடவை நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். மலர் மறுபடியும் குளுவாங் போனாள்.

5

முடிவுகள்.

ஒன்று: குணாளன் தகரம் போடச் சம்மதிக்கிறார். எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அந்தக் குணாளனை எனக்குத் தெரியாது, வேறு யாரோ.

இரண்டு: மலர் இறந்துபோகிறாள். எழுத மிகவும் எளிது, பரிசுகூடக் கிடைக்கலாம். ஒரு பெண்ணின் மூச்சை நிறுத்தித்தான் என் கதை நிமிர வேண்டுமா என்று வெட்கமாகிவிட்டது.

மூன்று: "வெயில் நன்றாக அடித்த ஒரு வாரத்தில் அந்த அறை..."

டிசம்பர் மாதம், அடைமழைக் காலம். அந்த வாக்கியத்தை மேலே கொண்டுபோக வழியில்லை.

6

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குணாளன் தன் கையாலேயே இருபத்து நான்கு துளைக்கும் பசை அடைத்தார். விதானத்துப் பூஞ்சைமேல் வெள்ளைச் சாயம் அடித்தார். ஒரு முற்பகலில், அந்த அறையில் அவர் நிற்கும்போது மலர் குளுவாங்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னாங்க, சாப்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு. அக்கா மக புள்ள பெத்துட்டு நாளன்னிக்கு வர்றா. இந்த ரூமு அவளுக்கு வேணும். அக்கா வாயத் தொறந்து சொல்லல. தொட்டிலு கம்பி மட்டும் என் தலைமாட்டுல கொண்டாந்து வெச்சிருக்கு."

குணாளன் விதானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ரூமு காஞ்சிருச்சா? எனக்காக நல்ல வார்த்த சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க. காஞ்சிருச்சுன்னா நாளைக்கு பஸ்ஸேறிடுறேன்."

அவர் நாற்காலிமேல் ஏறி, விதானத்தில் உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. சாயத்தின் ஈரமா, உள்ளே இருக்கும் ஈரமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆமாம் என்றால் நாளை வந்துவிடுவாள். இல்லை என்றால் போக அவளுக்கு இடமில்லை. தெரியவில்லை என்று சொல்லலாம். இந்த ஐம்பத்தேழு வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத சொல். அதைப் பதினொரு வரைவுகளில் அவர் வாயில் வைத்தேன். உதடு பிரிகிறது, சொல் வரவில்லை.

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். யோசித்து எழுதுங்கள், ஆனால் சீக்கிரம். மலர் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்கிறது, ஒவ்வொன்றும் சின்னதாக ஓர் இழுப்போடு.