மேற்கு வாசல்

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஓகஸ்ட் மாதத் தக்காளி குவிந்து கிடந்தது. சாருஜாவின் கண் மட்டும் கைபேசியை விட்டு அகலவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ரோமர் காலத்துக் கோட்டை ஒன்றின் வாசலைத் தேடி, அவள் காட்டிய இடத்தில் நான்கு நாளாகத் தோண்டுகிறார்கள். கிடைத்ததெல்லாம் களிமண்.

சாருஜா தொல்லியல் ஆராய்ச்சிக்காரி. நிலத்துக்கடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் படங்களை ஆறு மாதம் பார்த்து, வாசல் இங்கேதான் என்று அடித்துச் சொன்னவள். ஏழு மாத வயிற்றோடு விமானம் ஏறவேண்டாம் என்று வைத்தியர் மறித்துவிட்டதால் மொன்றியலில் நிற்கிறாள். இன்று கடைசி நாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் மண் தோண்டும் பெக்கோ போய்விடும். வாசல் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அகழ்வும் இல்லை, அவள் சொல்லுக்கு மதிப்பும் இல்லை.

"களிமண்ணைப் பாத்துப் பாத்து உம்மட முகமும் அப்பிடியே வந்திட்டுது," என்றான் கணவன் நிஷான். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. "ஏன் கடல் பக்கமாக் கிண்டுறியள்? எங்கட துறைமுகத்திலயே வாசல் கேற் றோட்டுப் பக்கம்தான். சாமான் ஏத்தின வண்டில் தண்ணிக்குள்ளாலயா வந்தது? ஏன் கிழக்கைப் பிடிச்சனீர்?"

"வாசல் எண்டாக் கிழக்குத்தானேயப்பா."

சொன்னதும் அவள் கண் முதல்முறையாகக் கைபேசியை விட்டு அகன்றது.

இதை எங்கே படித்தாள்? எங்கேயும் இல்லை. கோயில் வாசல் கிழக்கு. மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் வீடு தேடியபோது அவள் அப்பா ஏழு வீட்டை வேண்டாமென்றதும் கிழக்கு வாசலுக்காகத்தான். ரேடார் படத்தில் மதில் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. கிழக்கை வாசல் என்றாள். மேற்கை, யாரோ உழுது கெடுத்த இடமென்று தள்ளிவிட்டாள். ரோமரும் சில கோட்டைகளுக்குக் கிழக்கில் வாசல் வைத்ததுண்டு என்பதால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது பக்க அறிக்கையில் ஒரு வரிகூடக் காரணம் இல்லை!

வெட்கம் பிடுங்கித் தின்றது. பழியை ரேடார் மேல் போட்டுவிடலாம், அது வாய் திறக்கப் போவதில்லை. ஆனால் ரேடார் பிழை என்றால் மேற்குப் படத்தையும் யார் நம்புவார்கள்? அகழ்வை நடத்தும் செலீனைக் காணொளியில் அழைத்து, பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். ரேடார் சரி, நான்தான் பிழை. எங்கள் வழக்கத்தில் வாசல் கிழக்கு, யோசிக்காமல் கிழக்கைக் காட்டிவிட்டேன். மேற்கைத் தோண்டுங்கள்.

பெக்கோக்காரனைப் பார்த்துச் செலீன் போட்ட கூச்சல் சந்தை வரை கேட்டது.

தக்காளிக்காரர் இரக்கப்பட்டுக் கவிழ்த்துக் கொடுத்த பெட்டியில் சாருஜா ஒரு மணி நேரத்துக்கு மேல் நகம் கடித்தபடி இருந்தாள். திரையில் மண் விலகிக்கொண்டே வந்தது. ஒரு கல்விளிம்பு. பிறகு நீளமான படிக்கல். அதில் வண்டிச் சில்லு ஏறி ஏறித் தேய்ந்த இரண்டு தடங்கள். ஓரத்தில் கதவின் அச்சு சுழன்ற வட்டக் குழி. செலீன் அதற்குள் கையை விட்டுத் திருப்பிக் காட்டினாள்.

"வாசல்! வாசலப்பா!" சாருஜா போட்ட சத்தத்தில் தக்காளிக்காரர் கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டார்.

"வண்டில் தடம்! நான் சொன்னனானெல்லோ!" நிஷான் கோட்டையைத் தானே கட்டியவன்போலக் குதித்தான். சாருஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இன்னும் ஒருவரும் உள்ளே போகவில்லை. நீதான் முதலில்," என்றாள் செலீன். சாருஜாவுக்கு வாசல் தெரியும்படி தன் கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு செலீன் படிக்கல்லை நோக்கி நடந்தாள். ஆயிரத்து அறுநூறு வருடமாக யாரும் நுழையாத வாசல்.

"பொறு!" என்று கத்தினாள் சாருஜா. "வலது காலை முதலில் வை!"

"ஏன்?"

இந்த முறை சாருஜாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"எங்கள் வீட்டுக்குள் நாங்கள் அப்படித்தான் போவோம்."