ஓஸ்கரியைச் சூடுபடுத்திய பகல்

இந்தக் காலத்தில் சாவு வீட்டில் எப்படி இருப்பதென்றே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆள் கண்ணை மூடியதும் போனை எடுக்கிறார்கள். காப்பி கொதித்து இறங்குவதற்குள் பிண வண்டி வாசலில் வந்து நிற்கிறது. வண்டிக்காரன் ஆர்த்தோ சமையலறையில் சட்டமாக உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. இப்படி முணுமுணுத்தபடி வில்யாமி, அண்ணன் ஓஸ்கரி கிடந்த அறையின் ஜன்னலைச் சாத்தப் போராடிக்கொண்டிருந்தார். கீல் உறைந்துபோயிருந்தது.

"விடுங்க தம்பி," என்றாள் அண்ணி எல்லி. "உயிர் வெளியே போகட்டும்னுதான் திறந்து வெச்சேன்."

"காலையில திறந்தது மத்தியானம் வரைக்குமா? அவன் உயிர் என்ன அவ்வளவு குண்டா?"

"அவரு எங்க கிளம்பினாலும் வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசிட்டுத்தானே போவாரு."

அதுவும் நிஜம்தான். வில்யாமி தோளால் இடித்து ஜன்னலைச் சாத்தினார். மதியம் என்றுதான் பேர். வடதுருவத்தை ஒட்டிய ஊர்; குளிர்காலத்தில் சூரியன் அந்தப் பக்கம் தலைகாட்டி வாரக்கணக்காகிவிட்டது. உறைந்த ஏரி மேல் மை கரைத்த மாதிரி ஒரு வெளிச்சம். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தம்ளர் தண்ணீர்கூட ஐஸாகிவிட்டது. அண்ணன் கையைத் தொட்டார். ஏரியிலிருந்து அப்போதுதான் இழுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது.

மாரித் உள்ளே வந்தாள். வில்யாமியின் மகள், அந்த ஊருக்கே டாக்டர். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. கம்பளியை விலக்கி, ஸ்டெதஸ்கோப் குழாயை மார்பில் வைத்துக் கேட்டாள்.

"பெரியப்பா போயிட்டாருப்பா."

"எதை வெச்சுச் சொல்ற?"

"மூச்சு இல்ல, நாடி இல்ல, உடம்பு ஜில்லுன்னு..."

"அங்கதான் மாட்டிக்கிட்ட. போன குளிர்காலத்துல ரெய்னோ ஐஸ் உடைஞ்சு ஏரிக்குள்ள விழுந்தானே, அப்போ என்ன சொன்ன? குளிர்ந்த உடம்பைச் சூடுபடுத்திப் பாக்காம செத்துட்டான்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னியா இல்லியா? எல்லாரும் கைவிட்ட பய, இப்போ சனிக்கிழமை தவறாம டாங்கோ டான்ஸ் ஆடுறான்."

"அப்பா, அவன் தண்ணியில விழுந்தவன். பெரியப்பா வயசாகி, கட்டில்ல, கம்பளிக்குள்ள..."

"ஜன்னல் திறந்த கட்டில்ல."

மாரித் ஜன்னலைப் பார்த்தாள். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

"ரெய்னோவுக்கு ஒரு சட்டம், ஓஸ்கரிக்கு ஒரு சட்டமா? ஆடத் தெரிஞ்சவனுக்குத்தான் வைத்தியமா?"

வில்யாமி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்பதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு அண்ணனோடு மரம் வெட்டக் காட்டுக்குப் போனவர். டாக்டர்களை நம்பமாட்டார். தன் வீட்டுச் சோற்றில் வளர்ந்த டாக்டரானாலும் சரி. சூடேறாமல் அண்ணனை அந்த வண்டியில் ஏற்றவிடமாட்டேன் என்று கதவை அடைத்து நின்றார்.

மாரித் கோட்டைக் கழற்றினாள். "சரி. அடுப்பை மூட்டு."

"டாக்டரம்மா," சமையலறையிலிருந்து ஆர்த்தோ எட்டிப் பார்த்தான், "நாங்க இவங்களைக் குளிராத்தான் வெப்போம். நீங்க என்னடான்னா..."

"நீ ரொட்டியத் தின்னுடா," என்றார் வில்யாமி.

பிர்ச் மர விறகை வாய் கொள்ளாமல் அடுப்பில் திணித்தார். அறை சூடேறச் சூடேற, ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். ஓஸ்கரி மட்டும் இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்தார். நெருப்பு வெளிச்சத்தில் அங்கிருந்த எல்லோரையும்விட அவர் முகம்தான் தெளிவாக இருந்தது.

"நிறம் வர்ற மாதிரி இல்ல?" என்றான் ஆர்த்தோ, வாசலைத் தாண்டாமல்.

"அது அடுப்பு," என்றாள் மாரித்.

"வாயை மூடிக்கிட்டுப் படுத்திருக்கான் பாரு," என்றார் வில்யாமி. "பிறந்ததுலேருந்து இவன் இப்படி இருந்து நான் பாத்ததில்ல. அதுதான் எனக்குச் சந்தேகமே."

மாரித் காப்பிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "இந்த வேலைக்கு வந்து ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன்ப்பா. சாகிறவங்க பெரும்பாலும் ஒழுங்காத்தான் சாகிறாங்க. பக்கத்துல இருக்கிற நமக்குத்தான் அது சரியா வரமாட்டேங்குது. ஊர்ல எத்தனை வீட்டுல சொல்லியிருக்கேன், போயிட்டாருன்னு. இங்க சொல்லிட்டு எனக்கே நம்பிக்கையில்ல. இல்லேன்னா உன் பேச்சைக் கேட்டு அடுப்பை மூட்டச் சொல்லியிருப்பேனா?"

வில்யாமி அடுப்புப் பக்கம் திரும்பினார். இன்னொரு கட்டையைப் போட்டார்.

ஓஸ்கரியின் கையில் சூடு ஏறியதும் மாரித் மறுபடி குழாயை வைத்துக் கேட்டாள். நிதானமாக, வேண்டிய மட்டும் கேட்டாள். பிறகு குழாயை அப்பாவின் காதில் மாட்டி, அதன் நுனியிலிருந்த வட்டத்தை அவர் கையில் கொடுத்தாள். "நீயே கேளு."

வில்யாமி அதை அண்ணன் மார்பில் வைத்துக் குனிந்தார். புருவம் மேலேறியது.

"ஓடுது! டொக்கு டொக்குன்னு ஓடுதுடீ!"

அண்ணி கரண்டியைக் கீழே போட்டாள். ஆர்த்தோ வாயில் ரொட்டியோடு நின்றான். மாரித் மெல்ல அப்பாவின் கட்டைவிரலை அந்த வட்டத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"இப்போ?"

"...இப்போ இல்ல."

"அது உன் விரல்ல ஓடுறதுப்பா. உன்னோடது."

வில்யாமி விரலை மறுபடி அதே இடத்தில் வைத்தார். மறுபடி கேட்டது. அப்படியே குனிந்து நின்றார். எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் நிமிர்ந்து, குழாயைக் கழற்றி மகளிடம் நீட்டினார். "குழாய் சரியில்ல. அரசாங்கத்துச் சாமான் வேற எப்படி இருக்கும்?"

கதவை விட்டு விலகி நின்றார். ஆர்த்தோவும் மாரித்தும் ஓஸ்கரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பாலத்துக்கிட்ட மெதுவாப் போ," என்றார் வில்யாமி ஆர்த்தோவிடம். "வண்டி தூக்கிப் போடும்."

"மாமா, அவருக்கு இனிமே எங்க வலிக்கப்..."

"சொன்னதைச் செய்டா."

வில்யாமி ஏரிக்கரைப் பாதையில் தன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். காலடியில் பனி நொறுங்கியது.

"தொப்பியோட காது மூடியை இறக்கி விடுப்பா!" பின்னாலிருந்து மாரித் கத்தினாள். "மரத்துப்போயிடும்!"

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க," என்றார், திரும்பாமல்.

வண்டி உறுமிப் புறப்பட்டது. அது நெருங்கி வந்து, கடந்து, விளக்கு வெளிச்சம் மரங்களுக்குள் மறையும்வரை, இரண்டு காதும் சிவந்து வெளியே தெரிய, அவர் மெதுவாகவே நடந்தார்.