கவர்னரிடம் கேட்காதது

"நீங்க ஊருக்குப் போனா என்னை எவன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போவீங்க?" என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜெனவீவ் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"உன் வாயைத் தாங்க எவனுக்குடி தெம்பு இருக்கு? நானேதான் கட்டிக்கிட்டு அழணும்," என்று சிரித்தார் கெர்.

அவள் அப்பாவுக்கு ஒரு துப்பாக்கியும் இரண்டு கம்பளிகளும் கொடுத்து, கனடாவின் செவ்வாற்றுக் கரை வழக்கப்படி அவளை மனைவியாக அழைத்து வந்த புதிது. கப்பலேறும் துரைமார் அப்படிக் கட்டியவளை இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதும் அதே வழக்கம்தான். தன் புருஷன் அந்த ரகமில்லை என்று அவள் நம்பினாள்.

அன்று அவர் ஒரே ஒரு கோட்டைக்கு அதிகாரி. இன்று தோல் வியாபாரக் கம்பெனிக்கே கவர்னர். விரிகுடாவிலிருந்து மலைகள் வரை, எந்த ஆற்றில் எவன் தோலுக்காக பீவர் என்ற நீர்விலங்கைப் பிடிக்கலாம் என்பது அவர் வைத்த சட்டம். அவரிடம் எதையாவது கேட்டவன் அடுத்த மாதம் வடக்கே பனிக்காட்டில் கிடப்பான். அதனால்தான், ஐந்து வயது மகள் எல்ஸ்பெத்தைப் படிக்கவைக்கிறேன் என்று அவர் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேற்றியபோதும் ஜெனவீவ் வாய் திறக்கவில்லை. கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் குழந்தை திரும்பி வராது என்று மூன்று வருஷம் பயந்தே கிடந்தாள்.

இந்தக் கோடையில் கவர்னரின் படகு வந்தது. லண்டனில் மணந்த பெண்ணை அவர் கைபிடித்து இறக்கினார். மறுநாள் காலை ஜெனவீவின் வாசலில் வந்து நின்றார், தொப்பியைக்கூடக் கழற்றாமல். அவள் இறைச்சியைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"படகு கட்டுற அந்துவான் உன்னை ஏத்துக்குறேன்னுட்டான். வீடு கொடுக்கச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை பாதிரியார் வர்றார்."

"அவனாக் கேட்டானா, நீங்க உத்தரவு போட்டீங்களா?"

"நல்லவன், ஜெனவீவ். குடிக்கமாட்டான்."

"பீவர் தோலைக்கூட நீங்க புரட்டிப் பார்த்து, ரோமத்தை ஊதிப் பார்த்துதான் எடுப்பீங்க. அவன் பாவம், என் மூஞ்சியைக்கூடப் பாக்காம தலையாட்டியிருக்கான். அவ்வளவு பயம் உங்க மேல!"

"வேற என்ன வேணும் உனக்கு? பசுவா, கம்பளியா? சீக்கிரம் சொல்லு, அங்க அவ காத்திருக்கா."

அந்த அம்மாள் இருக்கும் வீட்டுக்கு எல்ஸ்பெத்தை அவராக ஒருநாளும் அழைத்து வரப்போவதில்லை. இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பது? ஜெனவீவ் கத்தியைக் கீழே வைத்தாள். வாழ்நாளில் முதல் முறையாக மற்றவர்களைப் போலவே அவரை அழைத்தாள்.

"துரை, என் பொண்ணை என்கிட்டத் திருப்பிக் கொடுங்க."