சிரித்த முகத்துக்கு வியர்த்த விரல்

பீப்பென்று கத்தியது மீட்டர். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பக்கம், இரண்டு விரல்களில் ஒயர் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார் மாப்பிள்ளை. தங்கையைப் பெண் கேட்டிருப்பவர். அவள் ஆபீஸில் நடத்தும் ஆராய்ச்சிச் சோதனைக்கு ஓர் ஆள் குறைகிறது என்றதும் தானாகவே வந்தவர். வரும் ஞாயிறு அப்பா சம்மதம் சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால், தலைகீழாக நின்றாலும் வாக்கு மாறமாட்டார்.

சோதனை இதுதான். திரையில் ஒரு முகம் மின்னும். கண் அதைப் பிடிப்பதற்குள், உணர்ச்சியே இல்லாத வேறொரு முகம் வந்து மறைத்துவிடும். ‘ரெண்டாவது முகத்தைத்தான் பார்த்தேன்’ என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் மூளை கள்ளத்தனமாக முதல் முகத்தையும் பார்த்துவிடும். அது பயந்த முகமென்றால் விரல் வியர்க்கும், மீட்டர் கத்தும். சிரித்த முகத்துக்கு அது கத்தி அவள் பார்த்ததில்லை.

இப்போது கத்தியது ஒரு சிரித்த முகத்துக்கு.

ஒயரை இறுக்கினாள். படங்களைக் கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டினாள். மற்ற சிரிப்புகளுக்கெல்லாம் மீட்டர் கப்சிப். அந்த ஒரு முகம் வந்ததும் பீப். மூன்றாம் தடவையும் அதே கதை.

வெளியாட்களைத் தேடச் சோம்பல்பட்டு, ஆபீஸ் ஆட்களையே நிற்கவைத்து எடுத்த படங்கள் அவை. அந்தச் சிரிப்பு டைப்பிஸ்டுடையது.

“என்ன தெரிஞ்சுது தம்பி?”

“அதே உம்மணாமூஞ்சிதான்க்கா. அந்த ஆளுக்கு யாராச்சும் ஒரு ஜோக் சொல்லக்கூடாதா?”

“எங்க ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் உண்டா?”

“உங்களத் தவிர ஒரு ஈ காக்கா தெரியாதுக்கா.”

கேள்வி முடியுமுன் வந்து விழுந்தது பதில். ஒரு மீட்டரை நம்பி மனுஷன் மேல் பழி போடலாமா? அந்த முகம் அவருக்கு வேறு யாருடைய சாயலாகவோ இருந்தால்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

“சரி தம்பி, முடிஞ்சுது” என்றவள், கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். “எங்க டைப்பிஸ்ட் பொண்ணு பக்கத்து ரூம்லதான் இருக்கா. வந்து ஒயரக் கழட்டச் சொல்றேன்.”

மாப்பிள்ளை வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

“அவளா? போன மாசமே வேலைய விட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னாளே!”