எட்டாம் எண் வில்லை

சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகள் இரு கரையிலும் ஓங்கி நிற்க, அவை கழித்துவிட்ட நீரைச் சுமந்து நொய்யலாறு காலையில் நீலமும் மாலையில் செம்மையுமாய் நிறம் மாறி ஓட, வேலை விட்ட மக்கள் மிதிவண்டியிலும் பேருந்திலும் நடந்துமாய்த் தெருக்களை நிறைக்க, பின்னல் எந்திரங்களின் ஓசை மட்டும் ஓய்வறியாது ஒலிக்கும் திருப்பூர் நகரின் மாலைப்பொழுதை, நயமறிந்து படிப்போரே, நீங்கள் ஒருமுறையேனும் கண்டிருப்பீர்கள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணித் திங்களில் அத்தகைய மாலையொன்றில், பின்னலாடை ஆலையின் உரிமையாளர் மாரப்பன் தம் அறையில் அமர்ந்து, ஒரு பித்தளை வில்லையை மெல்லிய துணியில் பொதிந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் கோவையில் நடக்கவிருந்த பழங்காசுக் கண்காட்சிக்கு அது செல்லவேண்டியிருந்தது.

மாரப்பனின் தந்தை பொங்கலூர்ப் பக்கத்துத் தோட்டத்தை விற்று அந்த ஆலையைத் தொடங்கியவர். ஆலை தழைத்தபின் மகனுக்குக் காசு சேர்க்கும் பித்துப் பிடித்தது. சொந்தக்காரர் வீட்டு விருந்துகளை மறந்தாலும், எந்த மன்னன் எந்தக் காசில் எப்பக்கம் முகம் திருப்பி அமர்ந்திருக்கிறான் என்பதை அவர் மறந்ததில்லை. ஆயினும் பழையதெல்லாம் அரியதன்று என்பதைப் பன்முறை ஏமாந்த பின்னரே கற்றார். ஆயிரம் ஆண்டு கண்ட செப்புக்காசு குடம் குடமாய்ப் புதையலில் கிடைப்பதால் ஒரு வேளைச் சோற்றின் விலைக்குப் போவதையும், நேற்று அச்சிட்ட காசு, பிழைபட்டதென்று திரும்பப் பெற்று உருக்கப்பட்டமையால், தப்பிய ஒன்றிரண்டுக்காகச் செல்வர்கள் முட்டி மோதுவதையும் அவர் கண்டார். எத்தனை பிறந்தன என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை எஞ்சின என்றே கேட்டார்கள். எஞ்சியதும் கைபடாமல், கீறல் விழாமல், மெருகு குலையாமல் இருந்தால் அதன் மதிப்பே வேறு.

இந்த அறிவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. தந்தை காலத்தில் ஆலையின் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று இருந்தது. காலையில் வாயிற்பலகையிலிருந்து அதை எடுத்து உள்ளே கொடுத்தால் வருகை. மாலையில் அதைத் திரும்பப் பெற்றுப் பலகையில் மாட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். வருகைக்கு அட்டை வந்தபின் வில்லைகள் சாக்கில் கட்டப்பட்டுக் கிடங்கில் உறங்கின. மாரப்பன் சாக்கை அவிழ்த்து, மாசுமறுவற்ற ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மற்றவற்றை உருக்கிவிடத் துணிந்தார்.

"எதுக்குங்க அதைப் போயி அழிக்கறீங்க? அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்குதுங்களே" என்றார் மனைவி குழந்தையம்மாள்.

"ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தாம்மிணி அதுக்கு மதிப்பு" என்று சொல்லி, சாக்கை அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்கு ஏற்றிவிட்டார். அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வில்லையைப் பொதிந்துகொண்டிருந்த அந்த மாலையில் அவரைக் காண வந்தவள் ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அதே ஆலையில் தைத்த ஆடைகளில் நூற்பிசிறு வெட்டியவள். அவள் கணவன் ராக்கையா அங்கே பின்னல் எந்திரம் ஓட்டி, மார்வலி கண்டு ஒரே இரவில் மறைந்தவன். நாற்காலியைக் காட்டியும் அமராமல் நின்றபடியே அவள் பேசினாள்.

"மக சித்ராதேவிக்குக் கலியாணம் வச்சிருக்கேன் மொதலாளி. அவுக அப்பா மொகத்துக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது. அன்னிக்குச் சாயங்காலம் டோக்கனப் பலகையில மாட்டிட்டு வந்த மனுசன், மறுநா எடுக்கப் போகல. அதுல ஊசியால ஒரு கிளி கீறி வச்சிருப்பாரு. அதக் குடுத்தீகன்னா, தாம்பூலத் தட்டுல வச்சு, அப்பன் வந்திருக்காருன்னு புள்ளைக்குச் சொல்லுவேன்."

மாரப்பனுக்கு அந்தக் கிளி நினைவிருந்தது. சாக்கைக் கொட்டிக் கிளறிய நாளில், 'கீறிக் கெடுத்துவிட்டான்' என்று முகம் சுளித்து உருக்கும் பக்கம் தள்ளிய வில்லை அதுவே. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடலாமா, இருக்கும் ஒன்றில் தாமே ஒரு கிளியைக் கீறிக் கொடுத்துவிடலாமா என்றெல்லாம் அவர் நெஞ்சு தடுமாறியது. முடிவில், பொதிந்திருந்த துணியை அவிழ்த்து வில்லையை அவள் கையில் வைத்தார்.

அவள் அதைக் கட்டைவிரலால் வருடினாள், திருப்பினாள், எண்ணைப் பார்த்தாள். "எட்டா? இத ஆகாத நம்பர்னு ஒருத்தரும் வாங்க மாட்டோமே மொதலாளி. யாரு கையும் படாம ஆணியிலயே தொங்குமே" என்றாள்.

உண்மை அதுவே. எல்லோரும் ஏற்க மறுத்ததால்தான் அதன் மெருகு குலையவில்லை. வியர்வை பட்டுக் கறுத்தவையும், விரல் பட்டுத் தேய்ந்தவையும், ஊசியால் கிளியும் வேலும் கீறப்பட்டவையும் ஆகிய மனிதருடைய வில்லைகள் அத்தனையையும் நெருப்பில் இட்டுவிட்டு, மனிதரே இல்லாத ஒன்றைத் தாம் காத்து வைத்திருப்பது மாரப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"மத்ததையெல்லாம் பாத்திரப் பட்டறையில குடுத்து உருக்கிப்போட்டனுங்கம்மிணி. பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார் தலை நிமிராமல்.

ஒச்சாயி அழவுமில்லை, ஏசவுமில்லை.

"அப்ப ஏதோ ஒரு வீட்டுல தண்ணி மோந்து குடிக்கிற செம்பா இருப்பாரு. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, வில்லையை மேசையின்மேல் மெல்ல வைத்தாள். மஞ்சள் தடவிய திருமண அழைப்பையும் அருகில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மாரப்பன் அத்திருமணத்துக்குச் சென்றார். தாம்பூலத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் பழமும் மட்டுமே இருக்கக் கண்டு, பந்தியில் அமராமல் திரும்பினார். அதன்பின் கண்காட்சிகளில் அவ்வில்லையைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, ஒன்றே ஒன்றுதானா என்று வியந்து கேட்போரிடமெல்லாம், "மத்ததெல்லாம் ஆளுக புழங்குனதுங்க, நாந்தான் அழிச்சுப்போட்டேன்" என்று மறைக்காமல் சொல்லிவந்தார். யாரேனும் ஒருவர் தம்மைக் கடிந்துரைத்தால் நெஞ்சின் சுமை சற்றே இறங்கும் என்று அவர் ஏங்கினார். கேட்டவர்களோ ஒருவரும் கடியவில்லை. அழித்தவரே சான்று சொல்வதால் அது ஒன்றே என்பதில் ஐயமில்லையென மகிழ்ந்து, ஒவ்வொருவரும் முன்னவரினும் கூடுதலாய் விலை சொன்னார்கள்.