மருதன் மீது விழாத அடி

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை மூன்றரை மணி ஆனதும், தோத்தாத்ரி தம் இரும்புலியூர் வீட்டுக் கூடத்தின் திரைச்சீலைகளை இழுத்து மூடுவார். குழல்விளக்கை அணைத்துவிட்டு மேசை நடுவே ஒரு மெழுகுவத்தியை ஏற்றுவார். பிறகு தம் நாற்காலிக்கு எதிரே மூன்று மடிப்புள்ள எஃகுத் தடுப்பை நிறுத்தி, அதன் மறைவில் இருபது முகமுள்ள சிவப்புப் பகடையை மும்முறை உருட்டிப் பார்ப்பார். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் மட்டும் எந்தத் திரைக்கும் கட்டுப்படாமல் உள்ளே வரும். அதைக் காட்டாற்றின் ஓசை என்று அவர் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

வாரம் முழுவதும் மின்வாரிய அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் அவர், அந்த மூன்று மணி நேரம் பேய்களுக்கு அதிபதி. பனிமலை உச்சியில் ஒரு பாழரண்மனை. அதன் கண்ணாடிகளுக்குள் நூறு ஆண்டுகளாக வாழும் நீலவேணி என்னும் இறந்த அரசி. கதையைச் சொல்லிச் செல்பவர் தோத்தாத்ரி. கதைக்குள் நடப்பவர்கள் மூவர். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் சின்மயி அங்கே சூனியக்காரி. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் ஏஞ்சல் அங்கே திருடி. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகடு வளைக்கும் பட்டறையில் வேலை செய்யும் குப்புராஜ், விளக்கேந்திய காவலன் மருதன். என்ன செய்வது என்பதை அவரவர் முடிவு செய்வார்கள். வெட்டு விழுமா, தவறுமா என்பதைப் பகடை சொல்லும். பேயின் பகடையைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்வது தோத்தாத்ரியின் பொறுப்பு.

குப்புராஜ் அந்த வீட்டுக்கு முதலில் வந்தது பால்கனிக் கம்பி பற்றவைக்கத்தான். வேலை முடிந்து கை கழுவ வந்தவர், ஆட்டத்தை நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரம் ஆடவே வந்துவிட்டார். எஃகுத் தடுப்பை வெட்டி, மடிப்புகளுக்குக் கீல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.

தவறு நடந்தது நீலவேணி முதன்முதலாகத் தோன்றிய அன்று. அந்தக் காட்சியைத் தோத்தாத்ரி மூன்று வாரம் எழுதியிருந்தார். குரலைத் தாழ்த்தி, பனிமூட்டம், உடைந்த கண்ணாடி, அதில் மெல்லத் திரளும் முகம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஏஞ்சல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்போது காயம்பட்டுக் கிடந்த மருதன் விளக்கை உயர்த்திப் பேசினான்.

"இன்னாம்மா, இருட்டுல குந்திகினு கீற? சார் ஆபீஸ்ல சொல்லி ஒரு லைன் இயுக்கச் சொல்லவா?"

சின்மயி சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி அணைந்தது. மூன்று வார வேலை ஒரு நொடியில் காற்றாகப் போயிற்று. தோத்தாத்ரிக்கு முகம் சூடேறியது. நீலவேணி அவன்மேல் பாய்கிறாள் என்று சொல்லிப் பகடையை உருட்டினார். அடி விழவேண்டுமானால் பதினைந்துக்குக் குறையக் கூடாது. விழுந்தது நான்கு.

"பத்தொன்பது," என்றார் தோத்தாத்ரி. "மருதன் இறந்தான்."

குப்புராஜ் சற்று நேரம் தடுப்பையே பார்த்தார். "அவ்ளோதானா சார்?" என்று கேட்டு, மருதனைப் பற்றி எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"ஃபோன் பண்ணேன் சார், ஓவர்டைம்னு சொல்றார். பட்டறை ஞாயித்துக்கெழம லீவுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஏஞ்சல். சின்மயி குரலைத் தணித்துக்கொண்டு, "அவர் இல்லாம ஒப்பேறல சார். இதோட நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார்.

மூன்று நாள் அந்தக் கேள்வி தோத்தாத்ரியைச் சாப்பிடவிடவில்லை. இரண்டு ஆண்டுக் கதையும் அதைச் சுற்றி அமர்ந்த நட்பும் ஒரு பொய்யால் முடிவதா? பொய் சொன்னவருக்குத்தான் அதைத் திருத்தும் வழி உண்டு. புதன்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். எஃகுத் தடுப்பைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு திருமுடிவாக்கம் போனார்.

சாப்பாட்டு நேரமாதலால் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. குப்புராஜ் தகடுக் கட்டின்மேல் அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்? தட்டி ஒடஞ்சிடுச்சா?"

"இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." தோத்தாத்ரி பக்கத்தில் உட்கார்ந்தார். நேராகச் சொல்லாமல் கதையாகத் தொடங்கினார். "ஒரு காட்டுல ஒரு ஆந்தை இருந்துது. மிருகங்களுக்குள்ள வழக்கு வந்தா, பொந்துக்குள்ள போய்ச் சோழி உருட்டிட்டு வந்து தீர்ப்பு சொல்லும். ஒரு நாள் ஒரு கிளி அதைக் கிண்டல் பண்ணிச்சு..."

"அந்தக் கிளி நானா சார்?"

தோத்தாத்ரி ஆமென்று தலையை ஆட்டினார்.

"கிளியெல்லாம் வோணாம் சார். நாலு வுயுந்துச்சு. நீங்க பத்தொம்போதுன்னீங்க."

"உங்களுக்கு எப்படி..."

"கீலு வெச்ச எடத்துல ஒரு நூல் கேப்பு கீது. நான் அடிச்ச தட்டி, எனக்குத் தெரியாதா? என் மூலைலேந்து பாத்தா காய் நல்லாத் தெரியும். மொத வாரமே பாத்துக்கினேன். சரி பண்ணிடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் பாத்தா, ஏஞ்சலு மூணு வாட்டி செத்துருக்கணும். சின்மயி மேடம் ஒரு வாட்டி. நீங்க கொறச்சிக் கொறச்சிச் சொல்லிக் காப்பாத்திக்கினே வந்தீங்க. நல்ல மன்சன் கையில காய் கீதுன்னு வுட்டுட்டேன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "ஆறு நாளு இந்த மிசின் சத்தத்துல நிக்கிறேன் சார். இங்க நான் பேசுறது எவன் காதுலயும் வுயாது. நான் ஒண்ணு சொல்லி நாலு பேரு சிரிக்கிறது அங்க மட்டுந்தான். அதுக்குப் போய் அடிச்சிட்டீங்களே."

"கோவம்தான் குப்புராஜ். வேற காரணமே இல்ல. எல்லாரும் பயப்படணும்னு எழுதினேன், நீங்க சிரிக்க வெச்சுட்டீங்க. பொறுத்துக்க முடியல. நான் பண்ணினது தப்பு. மன்னிச்சுடுங்க."

குப்புராஜ் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

"துன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"கருவாட்டுக் கொயம்பு. ஒங்களுக்கு ஆவாது. மோர் கீது, குடிங்க."

அந்த ஒரு தம்ளர் மோர் உள்ளே இறங்கியபோது, இரண்டு வாரமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது எதுவோ கூடவே இறங்கியது. தோத்தாத்ரி துண்டை அவிழ்த்தார்.

"இந்தத் தடுப்பு இனிமே வேண்டாம். எல்லாருக்கும் நடுவுல வெச்சுப் பகடை உருட்டற மாதிரி, விளிம்பு மடிச்ச தட்டா ஆக்கித் தர முடியுமா?"

குப்புராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீலக் கயட்டிட்டு, நடுத் தகட நாலு பக்கமும் மடிக்கணும். ஞாயித்துக்கெயம எட்தாரேன்."

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்தார். தோத்தாத்ரி மெழுகுவத்தியை ஏற்றும் முன்பே, நான்கு பத்தொன்பதான கதையை மற்ற இருவர் முன்னிலையிலும் ஒளிக்காமல் சொன்னார். அதற்கு முந்தைய பொய்களையும் சொன்னார்.

"அப்ப நான் மூணு தடவ செத்திருக்கேன்," என்றாள் ஏஞ்சல். "இனிமே காப்பாத்தாதீங்க சார். செத்தா செத்துட்டுப் போறேன்."

"எனக்கு மட்டும் பழைய முறையே இருக்கட்டும்," என்றார் சின்மயி.

குப்புராஜ்தான் முதலில் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து மருதனின் தாளை எடுத்தார். எட்டாக மடித்து வைத்திருந்தாரே தவிர, தூக்கி எறியவில்லை.

தோத்தாத்ரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்று பகடையில் விழுந்தது நான்கு. நீலவேணியின் அடி மருதன்மீது படவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான். கையில் விளக்கு இருக்கிறது." பிறகு கதைக்குரலை விட்டு, "அன்னிக்கு என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

"அது வோணாம் சார்."

"வேணும். அதுவும் கதையில இருக்கு."

குப்புராஜ் கூச்சத்தோடு சொன்னார். "இன்னாம்மா, இருட்டுல குந்திகினு கீற? ஒரு லைன் இயுக்கச் சொல்லவா?"

தோத்தாத்ரி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு நீலவேணியின் குரலில் மிக மெல்லப் பேசினார்.

"நூறு ஆண்டுகளாக இங்கே வந்தவர்கள் எல்லாரும் அலறினார்கள். எனக்கு இருட்டாக இருக்குமே என்று கேட்டவன் நீ ஒருவன்தான். விளக்கை அருகே கொண்டு வா, மருதா. எனக்கு இன்னும் முகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்."

ஏஞ்சல் சின்மயியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்," என்றார் குப்புராஜ், கையைத் தேய்த்தபடி. "முடியெல்லாம் நட்டுக்கினு நிக்குது."

மூன்று வாரம் எழுதியும் வராத பயம், தாம் வெறுத்த அந்த வேடிக்கைப் பேச்சின் பின்னாலேயே வந்து நின்றதைத் தோத்தாத்ரி கண்டார். மனம் இறகாக இலேசாயிற்று.

"கிட்டப் போறீங்களா?"

"போறேன் சார். பாவம், கேக்குதில்ல."

"அவள் கை கண்ணாடியை விட்டு வெளியே நீள்கிறது. அடிக்கவா, பற்றிக்கொள்ளவா என்று பகடை சொல்லும்." சிவப்புப் பகடை எஃகுத் தட்டில் கணகணவென்று உருண்டு, நான்கு தலைகளுக்கும் நடுவே நின்றது. தோத்தாத்ரி குனிந்து பார்க்கவில்லை. இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன விழுந்திருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க, குப்புராஜ்," என்றார்.