திருப்பி வைத்த கைகாட்டி

வின்னி என்கிற வினிஃப்ரெட் ஆல்டர்சன் கைகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்தது யாரையும் கொல்வதற்காக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளைத் திட்டுவதற்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.

காட்டுக்குள்ளிருந்து வரும் நடைபாதை, அவளுடைய பண்ணைக்கு மேலே வேலிப்படியை ஏறி இறங்கியதும் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆற்றோரமாக அவளுடைய புல்வயலின் நடுவே போவதுதான் பொதுப்பாதை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நிலத்துக்காரியே ஆனாலும் மறிக்க முடியாது, சட்டம் அப்படி. வலது பக்கம் ஏறுவது, அந்தக் காலத்தில் அடுப்பெரிக்கக் கருமண் வெட்டப் போனவர்களின் வண்டித்தடம். மேட்டுப் பொட்டலில் ஹெதர் புதர்களுக்குள் சுற்றிவிட்டு அடுத்த பண்ணையில் போய் இறங்கும். வானம் தெளிந்த நாளில் குழந்தைகூடப் போய்விடும். மூடுபனி இறங்கினால் தடம் எது, சேறு எது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

போன வருடம் ஆடுகள் ஈனும் நேரத்தில், லீட்ஸ் நகரத்திலிருந்து நடக்க வந்த ஒருத்தனின் நாய் சினையாடுகளை ஓட ஓட விரட்டியது. "விளையாடுதும்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தான் பாவி. மறுநாள் விடிந்து பார்த்தால் வயல் முழுக்க செத்துப் பிறந்த குட்டிகள். வின்னி அழவில்லை, வயிறெரிந்தாள். இந்த வருடம் முதல் குட்டி விழுந்ததுமே ஸ்பானரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மேலே போனாள். காலையில் போல்ட்டைத் தளர்த்திப் பலகையைப் பொட்டல் பக்கம் திருப்புவாள். வேலை முடிந்ததும் ஆற்றுப் பக்கம் திருப்பி முடுக்கிவிடுவாள். இது புருஷன் க்ளிஃபோர்டுக்குத் தெரியாது. தெரிந்தால் தொலைந்தாள்; மலையில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் மீட்புக் குழுவில் இருப்பவன் அவன்.

அன்று மத்தியானம் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட வயசாளி ஒருவர் வேலிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா, பாதை ஆத்தோரமாப் போகுதுன்னு என் மேப்புல போட்டிருக்கே?"

"பலகையில என்ன போட்டிருக்கு?"

அவர் பலகையில் மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கிப் பார்த்தார். "பொதுப்பாதைன்னு போட்டு மேல காட்டுது."

"அப்புறம் என்ன? மேப்பு போட்டவன் வீட்ல உக்காந்து போட்டிருப்பான்."

"அதுவும் சரிதான்." சிரித்தார். "என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல பாருங்க. தனியாப் போகாதீங்கப்பான்னு பொண்ணு தினம் ஒரு பாட்டு பாடறா. தப்பாப் படிச்சேன்னு தெரிஞ்சா என் பூட்ஸையே ஒளிச்சு வெச்சிடுவா."

தொப்பியைத் தூக்கி மரியாதை காட்டிவிட்டு மேலே ஏறினார். நல்ல மனுஷன், நாய்கூடக் கொண்டு வரவில்லை. வயல் வழியாகவே விட்டிருக்கலாம். ஒருத்தரை விட்டால் பத்துப் பேரை விட வேண்டும் என்று வின்னி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பொட்டலின் விளிம்பிலிருந்து பனி இறங்கியது. அந்த மனுஷன் இந்நேரம் அடுத்த பண்ணையில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதைவிட, நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். இந்தப் பனியில் இனி யார் வரப்போகிறார்கள் என்று பலகையைச் சீக்கிரமே பழையபடி ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டுப் பட்டிக்குள் போனாள்.

அங்கே குட்டியைப் பறிகொடுத்த ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டால், வாசனையை நம்பி அந்த ஆடு பால் கொடுக்கும். வின்னி பாதி உரித்திருந்தபோது க்ளிஃபோர்டு உள்ளே வந்தான். கூட ஒரு பெண், முகம் வெளுத்துப்போய்.

"வின்னி, இது ரொவீனா. கீழ பாலத்துகிட்ட கார வெச்சுக்கிட்டு அப்பாவுக்காகக் காத்திருந்திருக்கு, ஆளக் காணோம். சிவப்புத் தொப்பி, வயசானவர். காட்டு வழியா வந்திருக்கணும். பாத்தியா?"

வின்னியின் கை குட்டியின் தோலுக்குள் இருந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"பாக்கலையே. நான்தான் பட்டியே கதின்னு கெடக்கேனே."

"அப்ப பலகையப் பாத்து ஆத்தோரமாத்தான் போயிருப்பார். கரையெல்லாம் வழுக்குது, தண்ணி வேற கரைமுட்டப் போகுது." பெண்ணுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். "தண்ணிக்குள்ளதான் தேடணும்னு நெனைக்கிறேன்."

குழு முழுவதும் கழிகளோடும் கயிறுகளோடும் ஆற்றுக்கு இறங்கியது. ஒருத்தர்கூட மேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஏன் பார்க்கப்போகிறார்கள்? பலகை ஆற்றைத்தானே காட்டிக்கொண்டிருந்தது.

வின்னி ரொவீனாவைச் சமையலறையில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். அடுத்த பண்ணைக்குப் போன் போட்டாள். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். ஓடிப்போய் க்ளிஃபோர்டிடம் சொல்லியிருந்தால் போதும், குழுவே மேலே ஏறியிருக்கும். சொன்னால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது, ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று பயந்தாள். யாருக்கும் தெரியாமல் தானே போய்க் கூட்டிவந்துவிட்டால்? கெட்ட புத்தி அப்படித்தான் வேலை செய்யும், நல்லது செய்கிற மாதிரியே.

"பொண்ணே, மேல ஒரு ஆடு ஏறிப்போச்சு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

பட்டி நாயைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பனிக்குள் தன் கையே தனக்குத் தெரியவில்லை. நாய்தான் கண்டுபிடித்தது. தடத்தை விட்டு விலகி, கருமண் வெட்டிய பள்ளத்தில், இடுப்புவரை கருஞ்சேற்றில் கிடந்தார். ஒரு காலை அசைக்கவே முடியவில்லை. உயிர் இருந்தது. வின்னி நாயை அழைக்கும் விசிலை எடுத்து ஊதினாள். மலையில் உதவி கேட்கும் முறை அது: ஆறுமுறை ஊது, நிறுத்து, மறுபடி ஆறுமுறை. கீழே ஆற்றின் இரைச்சலில் நின்றவர்கள் காதில் எது விழும்? அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். சேறு விடவில்லை. கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள்.

"பலகையத் தப்பாப் படிச்சிட்டேன் போலருக்கு," என்றார். பல் கிட்டிக்கொண்டு வந்தது. "பொண்ணு சொன்னதுதான் சரி."

"பேசாதீங்க. தெம்பு போயிடும்."

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அந்தச் சேற்றில், வேறு யார் காதிலும் விழாத இடத்தில்கூட அவளுக்கு வாய் வரவில்லை. நாயை அவர் மார்போடு படுக்கவைத்துவிட்டு ஓடினாள். ஆற்றங்கரையில் க்ளிஃபோர்டைக் கண்டுபிடித்து, குழு ஸ்ட்ரெச்சரோடு மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாய் மட்டும் எழுந்திருக்காமல் அவர் மேலேயே படுத்திருந்தது.

மறுநாள் காலையில் ரொவீனா அதே சமையலறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். க்ளிஃபோர்டு வின்னியின் தோளில் கை வைத்தான்.

"நாங்க அத்தன பேரும் ஆத்துல தொழாவிட்டிருக்கோம், இவளுக்கு மட்டும் என்னமோ தோணியிருக்கு பாரும்மா. கோட்டக் கழட்டிக் குடுத்துட்டு அந்தக் குளிர்ல ஓடி வந்திருக்கா."

ரொவீனா வின்னியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சாகறதுக்கு முன்ன அவருக்கு ஒரு துணை கெடச்சுதுன்னு நெனச்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கு, மிசஸ் ஆல்டர்சன். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான். கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

பதிலுக்குக் காத்திராமல் ரொவீனாவே தொடர்ந்தாள்.

"கண்ணு மங்கிடுச்சுன்னு டாக்டர் போன மாசமே சொன்னார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பினேன். எங்கப்பாவ நான்தான் கொன்னுட்டேன்." வின்னியின் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா," என்றான் க்ளிஃபோர்டு. "பலகையில எழுத்து பொடிசாத்தான் இருக்கு. இன்னைக்கே நான் பெருசா எழுதி வெச்சிடறேன்."

"எழுத்துல ஒண்ணும் கொறையில்ல, க்ளிஃப்."

வின்னி ஒரு கையை மட்டும் விடுவித்து, ஏப்ரன் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் வாயில் போல்ட்டின் மசகு இன்னும் ஒட்டியிருந்தது.

"உங்கப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது, பொண்ணே. அவர் சரியாத்தான் படிச்சார்."

க்ளிஃபோர்டு ஸ்பானரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ரொவீனாவுக்கு இன்னும் விளங்கவில்லை; ஈரக் கன்னத்தோடு நிமிர்ந்து பார்த்தபடி, வின்னியின் இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை வின்னி இழுத்துக்கொள்ளவில்லை. ரொவீனாவே விடும்வரை காத்திருந்தாள்.